முன்னும் பின்னும்: ஒரே வினாவின் இரு விடைகளை ஒப்பிடும் முறை

பிற மாநிலங்களில் வாழும் தமிழர், ஓரிடத்தில் சில குடும்பங்களாகக் கூடியதும் தம் மக்களுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்க ஒரு வகுப்பைத் தொடங்கி விடுவது வழக்கம். கோயில் மண்டபத்திலோ, சங்கக் கூடத்திலோ, அன்பர் ஒருவர் இல்லத்து முன்னறையிலோ ஞாயிறுதோறும் அது நடைபெறும். ஆண்டு இறுதியில் ஒரு கேள்வி எழும். இவ்வகுப்பால் பயன் விளைந்ததா? அடுத்த ஆண்டும் இதற்குப் பொருளும் பொழுதும் செலவிடலாமா? இதற்கு மனம் போனவாறு விடை கூறுவோர் பலர். 'பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள்' என்பார் ஒருவர். 'வருகிறவர்களே குறைந்துவிட்டார்கள்' என்பார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் உண்மை இருக்கலாம்.

ஐயத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. வகுப்பின் தொடக்கத்தில் ஒரு முறையும், முடிவில் ஒரு முறையும் ஒரே வினாவைக் கேட்டு, விடைகளை ஒப்பிடுவதே அது. எளிய வழிதான், எனினும் ஒப்பிடும் முறை பிழையாயின், தேய்வது வளர்வதுபோலத் தோன்றும். கணினியின் விரிதாளைக் கொண்டு இவ்வொப்பீட்டைச் செம்மையாகச் செய்வது எவ்வாறு என்பதை இன்று காண்போம்.

விரிதாள் என்பது கட்டம் கட்டமாக வகுக்கப்பட்ட ஒரு பேரேடு. ஒரு கட்டத்தில் எண்ணை எழுதலாம், சொல்லை எழுதலாம், பிற கட்டங்களைக் கொண்டு கணக்கிடும் வாய்பாட்டையும் எழுதலாம். எண்ணை மாற்றினால் விடை தானே மாறும். டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய விசிகால்க் என்ற விரிதாள் 1979ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் முதலியவை வழக்கில் உள்ளன. இவற்றில் நெடுவரிசைகளுக்கு ஏ, பி, சி என எழுத்துகளும், கிடைவரிசைகளுக்கு 1, 2, 3 என எண்களும் பெயராகும். ஆதலின் பி2 என்றால், பி என்ற நெடுவரிசையின் இரண்டாம் கட்டம் என்று கொள்க. இங்கு நாம் தமிழில் ஒலிபெயர்த்துத் தரும் வாய்பாட்டுப் பெயர்களையும் நெடுவரிசைப் பெயர்களையும் கணினியில் ஆங்கில எழுத்துகளிலேயே இடுதல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு வகுப்பைக் கற்பனை செய்துகொள்வோம். தொடக்கத்தில் 20 பிள்ளைகள் சேர்ந்தனர். 'தமிழில் எழுதிய கடிதத்தைப் பிறர் உதவியின்றி உன்னால் படிக்க இயலுமா?' என்பது வினா. சிறிதும் இயலாது என்பதற்கு 1. தடையின்றி இயலும் என்பதற்கு 5. இடைப்பட்ட நிலைகளுக்கு 2, 3, 4. ஆறு திங்கள் கழித்து அதே வினாவைக் கேட்டபோது 18 பிள்ளைகள் விடையளித்தனர். முதல் முறை விடைகளின் சராசரி 2.4, இரண்டாம் முறை 3.5. ஐந்து படிகளுள் ஒரு படிக்கும் மேலான ஏற்றம்! ஆண்டு விழாவில் மகிழ்ந்து படிக்கத்தக்க அறிக்கை அன்றோ?

பொறுமின். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஒரே உலையில் ஒன்றாக வெந்த அரிசிக்கு அது பொருந்தும். இங்கோ, முதலில் பார்த்த பானையும் பின்னர்ப் பார்த்த பானையும் ஒன்றல்ல. முதலில் விடையளித்த 20 பேருள் ஐவர் இடையில் நின்றுவிட்டனர். பின்னர் விடையளித்த 18 பேருள் மூவர் புதியவர். இரு முறையும் விடையளித்தவர் 15 பேரே. இரு வேறு கூட்டங்களின் சராசரிகளை அருகருகே வைத்து, ஒரு கூட்டம் வளர்ந்ததாகக் கூறுவது எங்ஙனம் பொருந்தும்? சராசரியை நோக்குமுன் ஒவ்வொரு பிள்ளையையும் அப்பிள்ளையோடே ஒப்பிட வேண்டும். இன்று நாம் கூற விழைவதன் சாரம் இதுவே.

இதற்கு முதல் தேவை, ஒவ்வொருவருக்கும் மாறாத ஓர் எண். பெயரை நம்பினால் இடர் விளையும். நம் பெயர் வழக்கம் பிற மாநிலப் படிவங்களில் படும் பாட்டை நேயர்கள் அறிவர். ஒரே பிள்ளை ஓரிடத்தில் தந்தை பெயரின் முதலெழுத்தோடும், வேறோரிடத்தில் தந்தையின் முழுப் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டும் காணப்படும். ஆங்கில எழுத்தில் 'தமிழ்ச்செல்வி' என்னும் பெயரை எழுதும் வகைகள்தாம் எத்தனை! கணினிக்கு ஓர் எழுத்து வேறுபட்டாலும் ஆள் வேறு. ஆகவே சேரும் நாளிலேயே ஒரு சேர்க்கை எண்ணைத் தந்து, இரு வினாத்தாள்களிலும் அதனையே எழுதச் செய்தல் நன்று.

அடுத்து, விரிதாளில் மூன்று தாள்களைத் திறப்போம். 'முன்' என்ற தாளில் ஏ நெடுவரிசையில் சேர்க்கை எண்ணும், பி நெடுவரிசையில் முதல் விடையும் இருக்கட்டும். 'பின்' என்ற தாளில் அவ்வாறே இரண்டாம் விடைகள் இருக்கட்டும். வினாத்தாளைப் பெற்றும் விடை எழுதாத பிள்ளை இருப்பின், அக்கட்டத்தை வெறுமையாக விடாது 'விடையில்லை' என்று எழுதுக. வெறுங்கட்டத்தைத் தேடி எடுக்கும் வாய்பாடு அதனைச் சுழியமாகக் காட்டிவிடக்கூடும். வாய் திறவாத பிள்ளைக்குச் சுழியம் இடுதல் முறையாகாது.

'ஒப்பு' என்ற மூன்றாம் தாளின் முதல் வரிசையில் தலைப்புகளை எழுதி, ஏ நெடுவரிசையில் இரு பட்டியல்களிலும் உள்ள சேர்க்கை எண்கள் அனைத்தையும், ஓர் எண் ஒரு முறையே வருமாறு எழுதுக. நம் எடுத்துக்காட்டில் இவை 23. இரண்டாம் வரிசை முதல் இருபத்து நான்காம் வரிசை வரை அமையும். இனி பி2 என்ற கட்டத்தில் இவ்வாறு எழுதுவோம்:

=எக்ஸ்லுக்அப்(ஏ2, 'முன்'!ஏ:ஏ, 'முன்'!பி:பி, "இல்லை")

இதன் பொருள் யாதெனின்: ஏ2இல் உள்ள எண்ணை 'முன்' தாளின் ஏ நெடுவரிசையில் தேடுக, கண்டால் அவ்வரிசையின் பி கட்டத்தில் உள்ள விடையைக் கொணர்க, காணாவிடில் 'இல்லை' என்று எழுதுக. சி2இல் இதே வாய்பாட்டை 'பின்' தாளைச் சுட்டி எழுதுக. கட்டத்தின் வலக்கீழ் மூலையைப் பற்றிக் கீழே இழுத்தால் எல்லா வரிசைகளும் நிரம்பிவிடும். எக்ஸ்லுக்அப் 2019ஆம் ஆண்டில் அறிமுகமானது. அஃது இல்லாத பழைய கணினிகளில் விலுக்அப் என்பதைக் கொள்ளலாம். ஆனால் அதன் நான்காம் உறுப்பாக 'ஃபால்ஸ்' என்று எழுத மறவற்க. மறந்தால், தேடிய எண் கிடைக்காதபோது அதற்குக் கீழ்ப்பட்ட வேறோர் எண்ணின் விடையை அது தந்துவிடும். தவறு நேர்ந்ததென்ற எச்சரிக்கையும் இராது.

இப்போது வேறுபாட்டைக் காண்போம். டி2இல் எழுத வேண்டியது:

=இஃப்(கவுண்ட்(பி2:சி2)=2, சி2-பி2, "")

கவுண்ட் என்பது எண்கள் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணும். இரு விடைகளும் எண்ணாக இருந்தால் பின்னதிலிருந்து முன்னதைக் கழிக்கும். இல்லையேல் கட்டத்தை வெறுமையாகக் காட்டும். டி நெடுவரிசையின் சராசரியை ஆவரேஜ் வாய்பாட்டால் கண்டால், நம் எடுத்துக்காட்டில் 0.4 வரும். இரு முறையும் விடையளித்த 15 பேரின் சராசரி 2.8இலிருந்து 3.2க்கு உயர்ந்துள்ளது, அவ்வளவே. 1.1 என்று தோன்றிய ஏற்றத்தில் பெரும்பகுதி, மெலிந்தோர் சென்றதாலும் வல்லோர் வந்ததாலும் விளைந்தது.

சராசரியோடு நிற்றலும் கூடாது. ஏறியவர், இறங்கியவர், நிலைத்தவர் எத்தனை பேர் என்று எண்ணுவோம்.

=கவுண்ட்இஃப்(டி2:டி24, ">0")

என்பது ஏறியவர் தொகையைத் தரும். '>0' என்பதற்குப் பதில் '<0' என்று எழுதினால் இறங்கியவர்; '=0' என்று எழுதினால் நிலைத்தவர். இங்கு ஏறியவர் 7; நிலைத்தவர் 5; இறங்கியவர் 3. 0.4 என்ற ஓர் எண்ணுக்குள் இம்மூவர் மறைந்து கிடந்தனர்.

இன்னும் ஒரு படி சென்று, எந்நிலையில் இருந்தவர் எந்நிலைக்குச் சென்றார் என்னும் பெயர்ச்சி அட்டவணையையும் அமைக்கலாம். எஃப்2 முதல் எஃப்7 வரை 1, 2, 3, 4, 5, இல்லை என்று கீழ்நோக்கி எழுதுக. ஜி1 முதல் எல்1 வரை அதே ஆறினையும் குறுக்காக எழுதுக. ஜி2இல் இடும் வாய்பாடு:

=கவுண்ட்இஃப்ஸ்($பி$2:$பி$24, $எஃப்2, $சி$2:$சி$24, ஜி$1)

டாலர் குறி, தான் முன்னிற்கும் எழுத்தையோ எண்ணையோ மாறாமல் நிறுத்தி வைக்கும். ஆதலின் இதனைக் குறுக்கேயும் கீழேயும் இழுத்து அட்டவணை முழுவதையும் நிரப்பலாம். மூலைவிட்டத்தில் இருப்போர் நிலைத்தவர். அதன் வலப்புறத்தில் உள்ள எண்கள் ஏற்றத்தையும், இடப்புறத்தில் உள்ளவை இறக்கத்தையும் காட்டும். 'இல்லை' என்ற கடைசி நெடுவரிசை வகுப்பை விட்டவர்களைக் காட்டும். 'இல்லை' என்ற கடைசி வரிசை புதியவர்களைக் காட்டும்.

நம் அட்டவணையின் முதல் வரிசையைப் பாருங்கள். தொடக்கத்தில் 'சிறிதும் இயலாது' என்றவர் ஐவர். அவருள் நால்வர் 'இல்லை' என்ற நெடுவரிசையில் நிற்கின்றனர்! எஞ்சிய ஒரு பிள்ளையோ ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஏறியுள்ளது. எழுத்தறியாத பிள்ளைக்காகவே தொடங்கிய வகுப்பில் எழுத்தறியாத பிள்ளையே தங்கவில்லை. தங்கிய பிள்ளை பயன் பெற்றது. 2.4, 3.5 என்ற இரு சராசரிகளும் இதனைக் கூறினவா? கூறவில்லை, அந்நால்வர் விலகியதையே வெற்றியாக்கிக் காட்டின.

மூன்றாம் வரிசையும் நோக்கத்தக்கது. தொடக்கத்தில் 3 என்ற ஐவருள் இருவர் 2க்கு இறங்கினர். இவர்கள் கற்றதை மறந்தனர் என்று முடிவு கட்டிவிட வேண்டா. ஒன்றும் அறியாதபோது 'ஓரளவு இயலும்' என்று எண்ணிய பிள்ளை, கூட்டெழுத்தும் கையெழுத்தும் கண்டபின் 'இத்துணை அரிதா!' என்று உணர்ந்து குறைத்துக் கூறியிருக்கலாம். அளக்கும் கோலே மாறிவிட்ட நிலை அது. ஆதலின் தம்மைத் தாமே மதிப்பிடும் வினாவோடு, ஒரு சிறு கடிதத்தைப் படிக்கச் செய்து பிழைகளை எண்ணும் தேர்வையும் இரு முறையும் வைத்தல் சிறந்தது.

எழுவர் ஏறியதும் மூவர் இறங்கியதும் தற்செயலாகவும் நிகழ்ந்திருக்கலாமோ என்று ஒருவர் வினவலாம். தக்க வினா அது. நிலை மாறியவர் பதின்மர். பத்துக் காசுகளைச் சுண்டினால் தலையும் பூவுமாக விழும் வகைகள் 1024. அவற்றுள் ஏழோ அதற்கு மேலோ தலை விழும் வகைகள் 176. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 17. வெறும் காசே இத்துணை எளிதில் செய்யக்கூடியதை வகுப்பின் வெற்றிக்கு உறுதியான சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும் வகுப்பு பயனற்றது என்பதும் இதனால் பெறப்படாது. பதினைவரைக் கொண்டு உறுதி கூறல் அரிது என்பதே இதன் பொருள். ஒத்த வகுப்புகளை நடத்தும் பல சங்கங்கள் ஒரே வினாவைக் கேட்டு விடைகளை ஒன்று சேர்த்தால், உறுதி பெருகும்.

உண்மையான ஏற்றமே ஆயினும், அதற்கு வகுப்புதான் காரணமா என்பது வேறு வினா. ஆறு திங்களில் பிள்ளைக்கு வயதும் ஏறுகிறது. விடுமுறையில் ஊருக்குச் சென்று பாட்டியோடு இருந்து திரும்பியும் இருக்கலாம். இடமின்மையால் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருப்பின், அவர்களிடமும் அதே வினாவை இரு முறை கேட்டு வைப்போமாக. அவர்களது ஏற்றத்தினும் வகுப்புப் பிள்ளைகளின் ஏற்றம் எவ்வளவு மிகுதி என்பதே நாம் நாட வேண்டிய எண்.

விரிதாள் கூட்டும், கழிக்கும், தேடித் தரும். எதனை எதனோடு ஒப்பிடுவது என்பதை நாமே முடிவு செய்தல் வேண்டும். அறிக்கை எழுதும் அன்பர்கள் சராசரியை எழுதுமுன், இரு முறையும் விடையளித்தோர் எத்தனை பேர், ஏறியோர், நிலைத்தோர், இறங்கியோர் எத்தனை பேர், விலகியோர் எந்நிலையில் இருந்தோர் என்னும் இச்செய்திகளை எழுதுவாராக. பின்னர் அறிக்கையை மூடி வைத்து, 'இல்லை' என்ற நெடுவரிசையில் உள்ள அந்நால்வர் இல்லங்களுக்கும் ஒரு முறை சென்று வருவாராக. ஏன் நின்றார்கள் என்பதைச் சொல்லும் வாய்பாடு எந்த விரிதாளிலும் இல்லை. அதனை அப்பிள்ளைகளிடமே கேட்டறிய வேண்டும்.