புதுக்கோட்டை கஞ்சிரா டு ஸ்வீடன் மெட்டல்: 'ப்ராக்' ராக் கேட்க எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

"ப்ராக்ரஸிவ் ராக் கேக்கணும், எதுல ஆரம்பிக்கட்டும்?" நண்பர்கள் குரூப்பில் யாராவது இப்படி ஒரு கேள்வியைப் போட்டால் போதும். அஞ்சு நிமிஷத்தில் நாற்பது ஆல்பம் வந்து விழும். அதில் பாதி, பத்து வருஷம் கேட்டவருக்கே தலை சுற்றும் ரகம். கேட்டவர் ஒன்றை எடுத்து, மூணு நிமிஷம் தாக்குப்பிடித்து, "இது நமக்கான மியூசிக் இல்ல"ன்னு மூடிவிடுவார்.

அந்தக் கடைசி வரிதான் பிரச்னை. ஏன்னா, இந்த இசையில் கஷ்டம்னு மத்தவங்க சொல்ற விஷயம் தமிழ்நாட்டுக் காதுக்கு ஏற்கெனவே பழக்கம். அதுவும் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கம் இருந்து இதைப் படிக்கிறீங்கன்னா, உங்க மாவட்டத்துக்கே இதில் ஒரு பங்கு இருக்கு. அது என்னன்னு பார்ப்போம்.

முதல்ல, அது என்ன 'ப்ராக்'?

ப்ராக்ரஸிவ் ராக் என்பதன் செல்லப் பெயர்தான் ப்ராக். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் சில ராக் இசைக்குழுக்கள் 'பல்லவி, சரணம், மறுபடி பல்லவி, மூணு நிமிஷத்தில் முடி' என்ற ரேடியோ கணக்கை உடைத்தன. கிங் கிரிம்சன் குழுவின் 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்' 1969-ல் வந்தது. 1972-ல் யெஸ் குழு வெளியிட்ட 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தில் மொத்தமே மூணு பாட்டுதான். முதல் பாட்டு மட்டும் 18 நிமிஷத்துக்கு மேல். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க அதுவே.

பின்னாளில் இதே குணம் ஹெவி மெட்டலுக்குள் போனது. அதுதான் ப்ராக்ரஸிவ் மெட்டல். அமெரிக்காவின் ட்ரீம் தியேட்டர் 1992-ல் கொண்டுவந்த 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' இதைப் பெரிய கூட்டத்திடம் சேர்த்தது. நீளமான பாட்டு, ஆல்பம் முழுக்க ஒரே கதை, திடீர்னு மாறும் தாளம் என இந்த மூணில் ஏதாவது ஒண்ணு இல்லாத ப்ராக் ஆல்பம் அபூர்வம். (எது ப்ராக், எது இல்லை என்று ரசிகர்கள் போடும் சண்டைக்குத் தனி எக்ஸ்ப்ளெய்னர்தான் எழுதணும்.)

பயமுறுத்தும் தாளக் கணக்கு

சினிமாப் பாட்டில் பெரும்பாலானவை நாலு நாலாக எண்ண வரும். ப்ராக்கில் 5, 7, 9, 11 எல்லாம் சர்வ சாதாரணம். மேற்கத்திய ரசிகர்கள் இதை 'ஆட் டைம்' என்பார்கள். ஒற்றைப்படை எண்ணிக்கை, அவ்வளவுதான். அங்கே இதை ஒரு சாதனை மாதிரி பேசுவாங்க. இங்கே தவில் தனி ஆவர்த்தனம் நடக்கிற இடத்தில் நின்ற யாருக்கும் இது புதுசு இல்லை. 7 எண்ணிக்கை என்றால் மிஸ்ர சாபு: தகிட, தகதிமி. 5 என்றால் கண்ட சாபு: தக, தகிட. திருப்புகழை வாய்விட்டுப் பாடியவர்களுக்கு இந்த மாதிரி சந்தங்கள் நாக்கிலேயே இருக்கும்.

சோதிச்சுப் பாருங்க. 'மிஷன் இம்பாசிபிள்' படத்தின் தீம் மியூசிக் எல்லாருக்கும் தெரியும். அதை தகிட, தகிட, தக, தக என்று சொல்லிப் பார்த்தால் அப்படியே உட்காரும். மொத்தம் பத்து, அதாவது 5-இன் இரட்டிப்பு. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 'மனி' (1973) பாட்டைப் போடுங்க. கல்லாப்பெட்டி சத்தத்தோடு ஆரம்பிக்கும் அந்தப் பாட்டு 7 எண்ணிக்கையில் ஓடுகிறது. நடுவில் கிட்டார் தனியாக வாசிக்கும்போது மட்டும் 4-க்கு மாறும். அந்த மாற்றம் நடக்கும்போது 'அப்பாடா' என்று உடம்பு இளகுவதை உணர்ந்தால், நீங்க ப்ராக் கேட்க ஆரம்பிச்சாச்சு.

இன்னொரு சுவாரஸ்யம். சென்னை விமான நிலையத்துக்கு எம்.ஏ.ஏ. என்று குறியீடு இருப்பதுபோல, கனடாவின் டொரன்டோவுக்கு ஒய்.ஒய்.இசட். நம்ம ஆட்கள் ஆயிரக்கணக்கில் போய் இறங்கும் அதே ஏர்போர்ட். டொரன்டோவைச் சேர்ந்த ரஷ் குழு, அந்த மூணு எழுத்தையும் தந்தி மொழியான மோர்ஸ் குறியீட்டில் தட்டினால் வரும் கட்டை-குட்டைச் சத்தத்தையே தாளமாக்கியது. 'ஒய்ஒய்இசட்' என்ற அந்த வாத்திய இசை 1981-ல் வந்தது. ஒரு சுற்றுக்கு 10 எண்ணிக்கை. வார்த்தையே கிடையாது, நாலரை நிமிஷம்தான். முதல் தடவை கேட்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது பெரும்பாலும் இதைத்தான்.

டூல் குழுவின் 'லேட்டரலஸ்' (2001) கொஞ்சம் ஆழம். பாடும் வரிகளில் அசைகள் 1, 1, 2, 3, 5, 8 என்று ஏறி, பிறகு இறங்கும். முந்தைய ரெண்டு எண்ணையும் கூட்டினால் அடுத்த எண் வரும் ஃபிபோனாச்சி வரிசை அது. பாட்டின் முக்கியமான இடத்தில் தாளம் 9, 8, 7 என்று குறையும். கூட்டினால் 24, அதாவது மூணு எட்டு. உலகம் முழுக்க ரசிகர்கள் வியக்கும் இந்த வடிவத்துக்கு நம்மிடம் பல நூற்றாண்டாகப் பெயரே இருக்கு. ஏறிக்கொண்டே போனால் ஸ்ரோதோவஹ யதி, பசுவின் வால் மாதிரி குறுகிக்கொண்டே வந்தால் கோபுச்ச யதி. டூல் இதை நம்மிடமிருந்து எடுத்தது என்று சொல்ல வரலை. நமக்கு இது அந்நியம் இல்லை என்பதுதான் விஷயம்.

ஸ்வீடனின் மெஷுகா குழுவும் அப்படித்தான். டிரம்மரின் ஒரு கை சிம்பலில் நாலு எண்ணிக்கையை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். காலும் கிட்டாரும் வேறு ஒரு ஒற்றைப்படைக் கணக்கில் ஓடி, சுற்றிவிட்டு, ஒரு இடத்தில் வந்து சேரும். கையில் ஆதி தாளம் போட்டபடி மிருதங்கத்தில் ஏழேழாக வாசித்து சமத்தில் இறக்குவதை நினைச்சுக்கோங்க. முன்வரிசையில் ஒரு மாமா தொடையைத் தட்டி எண்ணுவாரே, அவருக்கு மெஷுகாவின் 'ரேஷனல் கேஸ்' (2002) பிடிக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வைக்கணும்.

புதுக்கோட்டைக்கு என்ன சம்பந்தம்?

இங்கேதான் கதை சூடு பிடிக்குது. கர்நாடகக் கச்சேரி மேடையில் இன்று நாம் பார்க்கும் கஞ்சிராவுக்கு அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. மாமுண்டியா பிள்ளை என்றும் சொல்வார்கள். தவில் வித்வானிடம் லயம் கற்று, பஜனையில் தட்டும் சின்னத் தோல் கருவியைக் கச்சேரி வாத்தியமாக மாற்றினார் என்பது இசை உலகில் சொல்லப்படும் வரலாறு. அவருடைய சீடர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் கொடிகட்டிப் பறந்தார். சிக்கலான கணக்குக்குப் பேர்போன 'புதுக்கோட்டை பாணி' இவர்கள் வழி வந்தது.

கஞ்சிரா ஒரு கைக்குள் அடங்கும். பலா மரச் சட்டம், ஒரு பக்கம் தோல், ஓரத்தில் சின்ன ஜால்ரா. உள்பக்கம் தண்ணீர் தெளித்தால் சுருதி இறங்கி கும் கும் என்று அடிவயிற்றில் பேசும். பாரம்பரியமாக உடும்புத் தோல்தான் கட்டினார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உடும்புக்குப் பாதுகாப்பு இருப்பதால், வேறு தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் கலைஞர்கள் மாற வேண்டிய நிலை.

இந்தக் கைக்கருவி மெட்டலுக்கு எப்படிப் போனது? வழி, கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின். 1971-ல் 'தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்' என்ற ஆல்பத்தால் ராக், ஜாஸ் ரெண்டையும் உலுக்கிய மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் தலைவர். ப்ராக் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் குழு அது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்ற மெக்லாக்லின், பிறகு 'சக்தி' குழுவைத் தொடங்கினார். வயலின் எல்.சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம். முதல் ஆல்பத்தில் மிருதங்கம் வாசித்தவர் ராம்நாடு ராகவன்.

விக்கு விநாயக்ராமின் மகன்தான் வி.செல்வகணேஷ். கஞ்சிரா மேதை ஜி.ஹரிசங்கரிடம் பயின்றவர். பிந்தைய 'சக்தி'யில் கஞ்சிரா இவருடையது. 2024 பிப்ரவரியில் 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்காக அந்தக் குழு கிராமி வாங்கியது செய்திகளில் பார்த்திருப்பீங்க. அதே செல்வகணேஷ் ஸ்வீடன் பேஸ் கிட்டார் கலைஞர் ஜோனாஸ் ஹெல்போர்க், அமெரிக்க கிட்டார் கலைஞர் ஷான் லேன் ஆகியோருடன் 2000-லேயே 'குட் பீப்பிள் இன் டைம்ஸ் ஆஃப் ஈவில்' ஆல்பத்தில் வாசித்தவர். 2007-ல் வந்த 'ஆர்ட் மெட்டல்' இன்னும் ஒரு படி மேலே. ஹெல்போர்க், கிட்டாரில் மத்தியாஸ் எக்லுண்ட் என்று ஸ்வீடன் கோஷ்டியோடு நம்ம தாள வாத்தியக்காரர்.

கிராமி செய்தியைப் பகிர்ந்த அளவுக்கு இந்த ஆல்பங்களைத் தமிழில் யாரும் பேசவில்லை என்பது என் வருத்தம். மெட்டலில் ஒரு ஜதி வந்தால் 'இந்தியன் டச்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஜதிக்கு ஊர் இருக்கு, பாணி இருக்கு, குரு பரம்பரை இருக்கு.

'இவ்ளோ கஷ்டப்பட்டு ஏன்?'

ப்ராக் ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நாலு தட்டில் முடிகிற பாட்டை ஏன் இழுத்து, வளைத்து, பின்னணும்? ஆவுடையார்கோவில் ஆத்மநாத சுவாமி கோயிலுக்குப் போனவர்கள் தலைக்கு மேலே பார்த்திருப்பார்கள். கல்லை ஓலைக்கும் மரத்துக்கும் சமமாக இழைத்து, கம்பியும் ஆணியும் வைத்ததுபோலவே செதுக்கிய கொடுங்கைக் கூரை. அந்தக் காலத்தில் சிற்பிகள் வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போது, 'ஆவுடையார்கோவில் கொடுங்கை மாதிரி மட்டும் கேட்கக் கூடாது' என்று நிபந்தனை போடுவார்களாம். மழைக்கு ஒதுங்க அவ்வளவு வேலைப்பாடு தேவையில்லைதான்.

அதே திருப்பெருந்துறைதான் மாணிக்கவாசகருக்குக் குருவருள் கிடைத்த தலம். அவருடைய திருவாசகத்தை இளையராஜா புடாபெஸ்ட் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவுடன் சேர்ந்து 2005-ல் ஆல்பமாகக் கொண்டுவந்தார். அது ராக் கிடையாது. ஆனால் 'பொல்லா வினையேன்' 20 நிமிஷத்தைத் தொடும். தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும், வேகம் மாறும், ஒரே பாட்டுக்குள் நாலைந்து உலகம். அதைப் பொறுமையாகக் கேட்டவர் என்றால், நீளமான பாட்டைப் பார்த்து நீங்க பயப்பட வேண்டியதே இல்லை.

சரி, எதைக் கேட்கலாம்?

ஒரே பட்டியல் எல்லாருக்கும் ஒத்துவராது. காதைப் பொறுத்தது.

மெலடி பிரியர் என்றால் இங்கிலாந்தின் போர்க்குபைன் ட்ரீ. 'ட்ரெய்ன்ஸ்' பாட்டில் தொடங்கி 'ஃபியர் ஆஃப் எ ப்ளாங்க் பிளானட்' (2007) ஆல்பத்துக்குப் போகலாம். திரையை வெறித்துப் பார்த்து மரத்துப்போன இளசுகளைப் பற்றிய ஆல்பம். ரீல்ஸ் எல்லாம் வருவதற்கு வெகு முன்பே!

கதை வேணும் என்றால் ட்ரீம் தியேட்டரின் 1999 ஆல்பமான 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி'. ஹிப்னாடிசத்தில் ஒருவனுக்குப் போன ஜென்மத்துக் கொலை தெரியவரும் கதை. ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' பார்த்து வளர்ந்த வீட்டில் இது எடுபடாமல் போகுமா?

"பாட்டெல்லாம் ஓகே, அந்தத் தொண்டை கிழியற உறுமல்தான் தாங்கலை" என்பவர்கள் அதிகம். நியாயம்தான். ஸ்வீடனின் ஓபெத் குழுவைக் கேட்க விரும்பினால், எல்லாரும் கைகாட்டும் 'பிளாக்வாட்டர் பார்க்' (2001) ஆல்பத்தை முதலில் தொடாதீங்க. 2003-ல் வந்த 'டாம்னேஷன்' போதும். அதில் உறுமலே கிடையாது, மழை நாளுக்கு ஏற்ற மெல்லிய பாட்டுகள். ஒரு மாசம் கழித்து பழையதுக்குப் போனால், உறுமலும் ஒரு வாத்தியமாகக் கேட்க ஆரம்பிக்கும். இந்தக் குழு 2009-ல் சென்னை ஐஐடி வளாகத்துக்கே வந்து வாசித்தது.

பக்கத்து ஊர் குரல்கள் வேணுமா? கொச்சியின் மதர்ஜேன் குழுவின் 'மக்தூப்' (2008) ஆல்பத்தில் பைஜு தர்மஜனின் கிட்டார் கமகத்தோடு பேசும். பெங்களூரு அகம் குழுவின் 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி', தியாகராஜரின் 'பண்டுரீதி' கீர்த்தனையை ஹம்சநாதம் கெடாமல் ராக் ஆக்கியது. அதே ஊரின் ப்ராஜெக்ட் மிஸ்ரம் இன்னும் முரட்டு ரகம்; 'மீசோ' (2021) கேளுங்க. சென்னையில் எஷர்ஸ் நாட் குழு இருக்கு, ஆனால் அதுக்கு முன்னாடி மெஷுகா பழகியிருக்கணும்.

போனில் கேட்பவர்களுக்கு

போன் ஸ்பீக்கரில் ப்ராக் கேட்பது வீண். பேஸ் கிட்டாரும் டிரம்மரின் காலும் காதுக்கே வராது. கணக்கே அங்கேதான் நடக்குது. சாதாரண வயர் இயர்போன் போதும். ஆப்பில் ஷஃபிளை ஆஃப் பண்ணிடுங்க, இல்லைன்னா கொலை நடக்கும் முன்பே குற்றவாளி பிடிபடுவான். ட்ரீம் தியேட்டர் ஆல்பம் 77 நிமிஷம் ஓடும். பஸ்ஸில் போறதா இருந்தா வீட்டு வைஃபையிலேயே டவுன்லோடு பண்ணி வச்சுக்கோங்க.