கண்கூசும் வெயிலில் கலர் பிடிக்க…

தூத்துக்குடி உப்பளங்களை வானத்திலிருந்து எடுத்த வீடியோக்கள் யூடியூபில் நிறையக் கிடைக்கின்றன. பாத்தி பாத்தியாக விரியும் நிலம், வரப்புகள், ஓரத்தில் உப்புக் குவியல்கள். எடுத்தவர்களின் உழைப்பு தெரிகிறது. ஆனால் பலவற்றில் உப்பைத்தான் காணோம். அது இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் திட்டு இருக்கிறது. ‘பர்ன் ஆயிடுச்சு’ என்பார்கள் கேமராக்காரர்கள். பர்ன் ஆன இடத்தில் எதுவுமே பதிவாகியிருக்காது. எடிட்டிங்கில் எவ்வளவு இழுத்தாலும் அது சாம்பல் நிறமாகுமே தவிர, உப்பாகாது.

கலரும் அங்கேதான் தொலைகிறது. உப்பு விளையும் பாத்திகளில் நீர் செறிவு ஏற ஏற, உவர்நீரில் மட்டுமே வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, நீர் இளஞ்சிவப்பாக மாறும். அளவுக்கு மீறி ஒளி விழுந்தால் முதலில் வெளிறிப்போவது இந்த மென்மையான நிறம்தான். பிறகு எடிட்டிங்கில் சாச்சுரேஷனை ஏற்றினால் வானம்தான் பெயின்ட் அடித்ததுபோல் ஆகிறது. வெயிலில் கலர் வேண்டும் என்றால், லென்ஸுக்குள் போகும் முன்பே ஒளியைக் குறைத்தாக வேண்டும்.

எவ்வளவு குறைப்பது? பிலிம் காலத்துக் கணக்கு இன்றும் கைகொடுக்கிறது. நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ 100-ல், அப்பர்ச்சர் எஃப் 16 என்றால் ஷட்டர் 1/100 நொடி. பல சிறிய ட்ரோன்களில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது, எஃப் 2.8 என்றால் 2.8-தான். எஃப் 16-ஐவிட அதில் 32 மடங்கு ஒளி நுழையும். ஷட்டர் 1/3200-க்கு ஓடிவிடும். நொடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும்போது அசைவு இயல்பாகத் தெரிய, ஷட்டர் 1/50 அளவில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 64 மடங்கு வித்தியாசம். அதை அடைக்கத்தான், ஒளியை 64-ல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி 64 ஃபில்டர். மணலிலும் பனியிலும் எடுப்பவர்கள் எஃப் 16-க்குப் பதில் எஃப் 22 என்று இன்னொரு படி இறக்குவார்கள். உப்புக்கும் அது பொருந்தும். அப்போது என்டி 128. எஃப் 1.7 லென்ஸ் உள்ள புதிய ட்ரோன்களுக்கு 256-கூடத் தேவைப்படும். ஃபில்டரை ட்ரோனை ஆன் செய்வதற்கு முன்பே மாட்டிவிட வேண்டும். அந்த எடையோடு சேர்த்துத்தான் கேமராவைத் தாங்கும் கிம்பல் தன்னைச் சமன்செய்துகொள்ளும்.

300 அடி உயரத்தில் மெதுவாக நகரும் ஷாட்டுக்கு இந்த 1/50 கணக்கு அவ்வளவு முக்கியமில்லை என்பது என் கருத்து. அங்கிருந்து பார்த்தால் எதுவும் வேகமாக ஓடுவதில்லை. வரப்பை ஒட்டித் தாழ்வாகப் பறக்கும்போதுதான் ஃபில்டர் இல்லாத குறை பளிச்சென்று தெரியும்: வரப்புகள் வெட்டி வெட்டி ஓடும். சூரியனை நோக்கிப் பறந்தால் இறக்கையின் நிழல் பட்டை பட்டையாகப் படத்தில் துடிக்கும்.

ஆட்டோ எக்ஸ்போஷரை உப்பளத்தில் நம்பவே கூடாது. ஃபிரேம் முழுக்க உப்பு என்றால், ஒளி அதிகம் என்று நினைத்துக் கேமரா இருட்டாக்கிவிடும். உப்பு அழுக்காகத் தெரியும். ஃபிரேமில் பாதி சேற்று வரப்பு என்றால் தூக்கிக் கொடுத்து, குவியலை எரித்துவிடும். ட்ரோன் திரும்பத் திரும்பப் படம் மங்கி மங்கி வெளுக்கும். ஆகவே மேனுவல். வெயில் நேராக விழும் குவியலின் பக்கம் ட்ரோனை நிறுத்தி, எரியும் இடத்தைக் காட்டும் ஸீப்ரா கோடுகள் திரையில் குவியலின் உச்சியில் தோன்றி மறையும் புள்ளிக்குக் கொண்டுவந்து, அங்கேயே விட்டுவிட வேண்டும். ஒயிட் பேலன்ஸும் 5500 கெல்வினில் நிற்கட்டும். கையில் இருக்கும் போன் திரையைப் பார்த்து முடிவெடுப்பதுதான் பெரிய ஆபத்து. வெயிலில் திரை மங்கலாகத் தெரியும்; படமே இருட்டு என்று தோன்றி விரல் தானாக ஏற்றிவிடும். ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

தூத்துக்குடிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் அங்கே நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். இரண்டுமே உப்பு சீசன். அந்த நேரத்தில் கேமராவைச் செங்குத்தாகக் கீழே திருப்பினால், அசையாத பாத்தி நீர் சூரியனை அப்படியே லென்ஸுக்குள் திருப்பி அனுப்பும். எந்த ஃபில்டரும் முழுதாகக் காப்பாற்றாது. காலை எட்டு மணிக்கு எடுத்தால் அந்தப் பிரதிபலிப்பு ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். குவியல்களுக்கு நீண்ட நிழலும் கிடைக்கும். அந்த நிழல்தான் உப்புக்கு உருவம் தருகிறது.

10-பிட் வசதி இருந்தால், நிறத்தை வெளிறலாகப் பதிந்து எடிட்டிங்கில் ஏற்றிக்கொள்ளும் லாக் முறையில் எடுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் 1024 படிகள் இருப்பதால் இழுக்க இடமிருக்கும். 8-பிட்டில் 256 படிகள்தான். அதில் லாக்கில் எடுத்து இழுத்தால் வானம் அடுக்கடுக்காகப் பிளக்கும். அதற்கு நார்மல் கலரே நல்லது.

விமான நிலையமும் துறைமுகமும் அனல்மின் நிலையமும் உள்ள ஊர் இது. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் கிளப்பக் கூடாது. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை போகலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான பகுதியில் 200 அடிதான்.

இத்தனையும் உப்புக்காக. ஆனால் உப்புக்குச் சரியாக வைத்த எக்ஸ்போஷரில் உப்பு வாருபவர்கள் கருப்புப் புள்ளிகளாகிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. விடியும் முன்பே வேலைக்கு வந்து, இந்தக் கூசும் வெள்ளையிலேயே நாளெல்லாம் கண்ணை வைத்திருப்பவர்கள் அவர்கள். அவர்களை எடுக்கத் தனி ஷாட் வேண்டும். முதலில் கேட்டு, சம்மதித்தால் மட்டும், தலைக்கு நேரே பறக்காமல் தள்ளி நின்று, சூரியன் ட்ரோனுக்குப் பின்னால் இருக்கும்படி தாழ்வாக எடுத்தால் முகத்தில் வெளிச்சம் விழும். அந்த ஒரு ஷாட்டில் பின்னால் இருக்கும் குவியல் எரிந்தால் எரியட்டும்.