ஏலக்காயில் ஒட்டிய குளோரோஹைட்ரின்

அயல்நாடு செல்லும் ஏலக்காயின் பரிசோதனைச் சீட்டில் ‘2-குளோரோஎத்தனால்’ என்றொரு வரி இருக்கிறதே, மலைத்தோட்டத்தில் எவரும் தெளித்தறியாத இந்தப் பதார்த்தம் காய்க்குள் எவ்வாறு புகும் என்று போடிநாயக்கனூர் அன்பர் ஒருவர் வினவியிருக்கிறார்.

எதிலீன் குளோரோஹைட்ரின் என்ற பழைய பெயரும் உடைய இது, சாராயத்தின் அணுக்கூட்டத்தில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் குளோரின் அமர்ந்த நிறமற்ற திரவம். ஜெர்மானியர் இதைக்கொண்டு செயற்கை நீலச் சாயம் காய்ச்சினர். முதல் மகாயுத்தத்தில் அதே சரக்கிலிருந்து கடுகு வாயுவையும் செய்தனர். ரப்பர்க் கையுறையையும் ஊடுருவித் தோல் வழியே உடலில் சேரும் விஷம் இது.

என்னை வியக்கவைப்பது இதன் வம்ச விருத்தாந்தமே. 1859இல் வூர்ட்ஸ் என்னும் பிரெஞ்சு ரசாயன அறிஞர், இதனுடன் காரத்தைச் சேர்த்துக் குளோரினைப் பறித்தபோது பிறந்தது எதிலீன் ஆக்ஸைடு. 10.7 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடுவதாலும், பூஞ்சணத்தையும் கிருமிகளையும் மாய்ப்பதாலும், வைத்தியசாலைக் கருவிகளைச் சுத்திகரிக்கப் பயன்படும் அவ்வாயுவை வாசனைச் சரக்குகளின்மீது பிரயோகித்தால், எல்லாத் தாவரங்களிலும் இயல்பாயுள்ள குளோரைடு உப்பைச் சந்தித்து, இழந்த குளோரினை மீண்டும் பெற்றுக் குளோரோஹைட்ரினாகிவிடுகிறது! வாயு பறந்துபோகும், 128 டிகிரிக்குமேல் கொதிக்கும் இதுவோ, சின்னமனூரில் எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி பஸ் ஏறிய பின்பும் திண்ணைத் தூணில் நிற்கும் வெற்றிலைக் கறைபோலத் தங்கிவிடும்.

ஆகவேதான் ஐரோப்பியர் இரண்டையும் கூட்டியே கணக்கிட்டு, வாசனைப் பொருள்களுக்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என எல்லை வகுத்திருக்கின்றனர். 2020இல் நம் நாட்டு எள் அங்கே சிக்கியதும் இத்தகைய சோதனையில்தான். அமெரிக்காவோ வாயுவுக்கு 7, குளோரோஹைட்ரினுக்கு 940 மில்லிகிராம்வரை அனுமதிக்கிறது. ஒரே விஷத்துக்கு இவ்வளவு விபரீதமான இரு தராசுகள்!

வாயு கிருமியைக் கொல்லுமேயன்றி அழுக்கை அகற்றாது என்பதை வர்த்தகர்கள் மறந்துவிடுகின்றனர். பறித்த காயைத் தாமதமின்றி ஸ்டோர் எனப்படும் உலர்த்துகூடத்தில் ஏற்றி, ஈரம் வற்ற உலர்த்தி, சுத்தமான தளத்தில் பெண்கள் தரம் பிரிக்க வசதி செய்து கொடுப்பதற்குச் செலவிடத் தயங்குவோர், பூஞ்சணம் கண்டபின் வாயுவை நாடுவது எனக்குச் சோம்பேறித்தனமாகவே படுகிறது. கிருமி நீக்கியே ஆகவேண்டுமெனில் நீராவி முறை இருக்கிறது.

அந்த வரியில் எண் ஏதேனும் கண்டால் அன்பர் தோட்டக்காரரைக் கடிந்துகொள்ள வேண்டாம். கப்பலேறுமுன் மூட்டை எந்தக் கிடங்கின் எந்த அறையில் அடைபட்டிருந்தது என்று முதலில் விசாரிக்கட்டும்.