குளிர்ந்த நீரில் உயிர் பிழைத்தல்: கடற்படை ஆய்வுகள் காட்டிய உண்மை

போர் தந்த பாடம்

இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த பிரிட்டிஷ் கடற்படையினரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், கப்பலை விட்டுத் தப்பிய பிறகே இறந்தார்கள் என்று 1946இல் டால்பாட் குழு கண்டறிந்தது. குளிர்நீர் உடலை என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சி அதன்பின் தீவிரமடைந்தது. கடற்படை மருத்துவர் ஃபிராங்க் கோல்டனும் உடலியல் அறிஞர் ஹெர்வியும் 1981இல் இந்த ஆபத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்தனர்.

முதல் மூன்று நிமிடங்கள்

தண்ணீர் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால், விழுந்தவுடன் மூச்சு திணறி, தன்னையறியாமல் காற்றை உள்ளிழுக்க நேரும். அப்போது தலை நீருக்குள் இருந்தால் நுரையீரலில் நீர் புகும். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென்று எகிறுவதால் இதய நோயாளிகளுக்கு ஆபத்து கூடுதல். குளிர் அதிர்ச்சி எனப்படும் இது இரண்டு மூன்று நிமிடங்களில் தணியும். அதுவரை நீந்த முயலாமல், முகத்தை மேலே வைத்து மிதப்பதே பாதுகாப்பு.

மூன்று முதல் முப்பது நிமிடங்கள்

அடுத்து கை கால்களின் தசைகளும் நரம்புகளும் குளிர்ந்து செயலிழக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் இந்தக் கட்டத்தில் மூழ்கக்கூடும். உயிர்காப்புச் சட்டையின் அருமை இங்கேதான் புரியும்.

அரை மணிக்குப் பின்

காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தைக் கடத்துகிறது. ஆனாலும் உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்க, பெரியவர்களுக்குப் பொதுவாக அரை மணி நேரமாவது ஆகும். முழங்கால்களை மார்போடு மடக்கிக் கொள்வதும், பலர் இருந்தால் நெருங்கி மிதப்பதும் வெப்ப இழப்பைக் குறைக்கும்.

மீட்கும் வேளை

நெடுநேரம் நீரில் கிடந்தவர் கரையேற்றப்படும்போதே மயங்கி விழுந்து இறப்பதுண்டு. உடலைச் சுற்றியிருந்த நீரின் அழுத்தம் திடீரென விலகுவதால் இரத்த அழுத்தம் சரிவது இதற்கு முக்கியக் காரணம். எனவே இயன்றவரை படுத்த நிலையிலேயே தூக்க வேண்டும், நடக்க விடக்கூடாது. ஈர உடையைக் களைந்து, உலர்ந்த போர்வையால் போர்த்த வேண்டும். கை கால்களைத் தேய்ப்பதும் மது கொடுப்பதும் தீங்கு தரும். மூச்சு நின்றிருந்தால் உடனே செயற்கைச் சுவாசமும் இதய அழுத்த முதலுதவியும் தொடங்க வேண்டும். உடல் சில்லிட்டிருப்பதை மட்டும் வைத்து, இறந்துவிட்டதாக முடிவு கட்டக்கூடாது.