எத்தனை வயது வரை குழந்தை?

ஓசூர் சாலையில் சந்தாபுரா சர்க்கிளைக் காலையில் கடக்கும் பள்ளி வேன்களும், பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்களும் ஒரே நெரிசலில்தான் சிக்கி நிற்கின்றன. எதில் யார் ஏற வேண்டும் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ்தான் இன்று அத்தாட்சி. காலங்காலமாக இப்படித்தான் என்று தோன்றும். உண்மையில் இந்த ஏற்பாட்டுக்கு நூற்றைம்பது வயதுகூட ஆகவில்லை. குழந்தைப் பருவம் என்ற எண்ணமே இடைக்கால ஐரோப்பாவில் இல்லை என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஆரியேஸ் 1960-இல் எழுதினார். தமிழ் படித்தவர்கள் தங்கள் மரபை வைத்து இதற்கு உடனே மறுப்புச் சொல்வார்கள். ஒட்டக்கூத்தர் 12-ஆம் நூற்றாண்டிலேயே இரண்டாம் குலோத்துங்கன்மீது பிள்ளைத்தமிழ் பாடிவிட்டார். ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, நிலாவை விளையாடக் கூப்பிடும் அம்புலி எனப் பத்துப் பருவம் பிரித்தவர்கள் குழந்தையை உற்றுப் பார்க்காதவர்களா? ஆனால் யார் வீட்டுக் குழந்தை என்று கேட்டால் ஆரியேஸ் முழுக்கத் தோற்கவில்லை. பிள்ளைத்தமிழ் கடவுளுக்கும் அரசனுக்கும் பெரியோருக்கும் பாடப்பட்டது. மாடு மேய்த்த பையன் வீட்டிலும் பாசத்துக்குக் குறைவிருந்திராது; வேலையிலிருந்து விலக்குதான் அவனுக்கு இல்லை. அந்த விலக்கு எல்லாப் பிள்ளைக்கும் உரியது என்பதே புதிய எண்ணம்; அதைக் கொண்டுவந்தது வயதை எண்ணத் தொடங்கிய சட்டம்.

பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. 7 வயது நிரம்பாதவரை ஆலையில் வைக்கக் கூடாது. 7 முதல் 12 வரை என்றால் நாளுக்கு ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம்! அன்றைக்கு அதுவே பெரிய சலுகை. கீழ் எல்லை 1891-இல் 9 ஆனது, 1922-இல் 12, அரசியலமைப்பின் 24-ஆவது பிரிவில் 14. இதெல்லாம் வெறும் இரக்கத்தால் நடந்ததல்ல. இந்திய ஆலைகளின் மலிவுக் கூலி தங்கள் வியாபாரத்தைக் கெடுக்கிறது என்று இங்கிலாந்தின் லங்காஷயர் ஜவுளி ஆலை முதலாளிகள் கொடுத்த நெருக்கடியும் சேர்ந்தே வேலை செய்தது.

இந்த வயதுக் கோடு பணக்கார நாடுகளின் கற்பனை, ஏழை வீட்டுக்குப் பொருந்தாது என்பார்கள். அதைச் சிறார்களே சொன்னதும் கர்நாடகத்தில்தான். பல நாடுகளின் உழைக்கும் சிறார்கள் 1996-இல் குந்தாப்புராவில் கூடி, சுரண்டல் வேண்டாம், கண்ணியமான வேலையும் அதற்கு இசைந்த படிப்பும் வேண்டும் என்று அறிவித்தார்கள். கர்நாடகத்தின் உழைக்கும் சிறார் சங்கமான பீம சங்கமும் இந்தக் கருத்தின் பக்கம்தான் நின்றது. வறுமையைத் தொடாமல் பையனை மட்டும் வேலையிலிருந்து விரட்டினால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பேரம் பேசும் வலு சங்கத்தில் சேர்ந்த சிறுவனுக்குத்தான் உண்டு. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பட்டு நூல் எடுக்கும் பட்டறையில் விடப்பட்டு, சுடுநீரில் கைவிட்டுக் கூட்டின் நுனி இழையைத் தேடிய பிள்ளைக்கு ஏது சங்கம்? முதலாளியிடம் அந்தப் பிள்ளை எதையும் நிரூபிக்கத் தேவையில்லாத ஒரே பாதுகாப்பு அந்த வயதுக் கோடுதான்.

அந்தக் கோட்டில் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் ஓட்டை போட்டிருக்கிறது. 14-க்கு உட்பட்டோர் எந்த வேலையும் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. அம்மாவுக்குக் காய் நறுக்கித் தருவதை யாரும் குற்றமாக்கச் சொல்லவில்லை. சந்தைக்குப் போகும் சரக்கை வீட்டுக்குள் உட்கார்ந்து செய்வது வேறு. அங்கே எந்த ஆய்வாளரும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த விலக்கை நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.