முள் ஏறுது, ஃபேன் சுத்தல! ஏன்?



பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை கிரிவலம். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல். திண்டிவனம் பக்கமிருந்து வரும் கார்கள் இரண்டுக்கும் நம்ம செஞ்சி வழியாகத்தான் போகும். அந்த நாட்களில் நெரிசலில் ஊர்ந்து வந்து, பானட்டைத் திறந்து வைத்து ஓரமாக நிற்கும் கார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் மாமா மெக்கானிக். லீவு நாளில் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. "வண்டி ஹீட் ஆயிடுச்சு, ஃபேன் சுத்தல" என்று வருகிறவர்களின் வண்டியில் அவர் எதை எதைப் பார்ப்பார் என்று எழுதுகிறேன்.

ஃபேன் எதற்கு?

எஞ்சினின் சூட்டைக் கூலன்ட் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. கார் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே அதை ஆற்றிவிடும். நிற்கும்போது காற்று ஏது? அப்போதுதான் ஃபேன் வேண்டும். பழைய அம்பாசடரில் எஞ்சினே பெல்ட் போட்டு ஃபேனைச் சுற்றும். 1983-இல் வந்த மாருதி 800-இல் எஞ்சின் குறுக்குவாட்டில் இருக்கும். அதனால் ஃபேனுக்குத் தனி மின்மோட்டார். இன்றைய கார்களில் பெரும்பாலும் இந்த முறைதான். தண்ணீர் சுமார் 90 முதல் 100 டிகிரி செல்சியஸ் சூடானதும் தெர்மோ சுவிட்ச் ஆன் ஆகி ஃபேன் சுற்றும். எனவே காலையில் ஸ்டார்ட் செய்ததுமே ஃபேன் சுற்றவில்லை என்று பயப்பட வேண்டாம். அது ரிப்பேர் இல்லை!

எச்சரிக்கை!

சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். குக்கரில் நடப்பதுதான் இங்கேயும். உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஃபேன் பக்கத்திலும் கை வைக்காதீர்கள். எஞ்சின் நின்ற பிறகும் சில கார்களில் ஃபேன் தானாகச் சுற்றும்.

மாமா பார்க்கும் வரிசை

1. தண்ணீர்: வண்டி நன்றாக ஆறிய பிறகு தண்ணீர் அளவைப் பார்ப்பார். தண்ணீர் குறைந்தால் தெர்மோ சுவிட்ச் தண்ணீரில் முழுகாது. எஞ்சின் கொதித்தாலும் அதற்குச் சூடு சரியாகத் தெரியாது, ஃபேனும் சுற்றாது.

2. ஃபியூஸ்: போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றிவிட்டால் வயர் எரியும். மறுபடியும் போனால் வேறு எங்கோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

3. ரிலே: மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் என்று படித்தோம் அல்லவா? 120 வாட் மோட்டார் என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். அவ்வளவும் சின்ன சுவிட்ச் வழியாகப் போனால் அது சீக்கிரம் கருகிவிடும். அதனால் பல கார்களில் நடுவில் ரிலே இருக்கும். அதே மாதிரி ரிலே வண்டியில் வேறு இடத்தில் இருந்தால், இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்ப்பார்.

4. தெர்மோ சுவிட்ச்: இரண்டு வயர் உள்ள பழைய மாடலில் கப்ளரைக் கழற்றி, இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைப்பார். ஃபேன் சுற்றினால் மோட்டார் நல்லது, சுவிட்ச்தான் போச்சு. கம்ப்யூட்டர் உள்ள புது வண்டிகளில் இப்படிச் செய்யக் கூடாது. அங்கே ஏசியைப் போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டால் ஃபேன் சுற்றும்.

5. மோட்டாரும் எர்த்தும்: மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுப்பார். அப்போதும் சுற்றாவிட்டால்தான் புது மோட்டார். சுற்றினால் வயரையும் எர்த்தையும் தேட வேண்டும்.

ஏன் இந்த வரிசை? போன கோடையில் ஒரு வாடகைக் கார் அண்ணன் வந்தார். வேறொரு இடத்தில் "மோட்டார் போச்சு, புதுசு போடணும்" என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு வார வருமானம் போய்விடுமே என்று முகம் வாடி நின்றார். மாமா முதலில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில், பாடியில் முடுக்கிய எர்த் வயரின் முனை பச்சை பூத்துத் துருப்பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியதும் ஃபேன் 'விர்'ரென்று சுற்றியது! "டேய், எடுத்ததுமே பொருளை மாத்தாத. கரண்ட்டு எதுவரைக்கும் வருதுன்னு பாரு. நிக்கிற எடத்துல தான்டா கோளாறு இருக்கு" என்றார் மாமா. நம் அறிவியல் பாடத்தில் வரும் மின்சுற்றும் இதைத்தானே சொல்கிறது?

வழியில் முள் சிவப்புக்கு ஏறினால்...

ஏசியை நிறுத்துங்கள். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். கொதிக்கும் எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், விரிசல் விடும். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும், ஹெட்டே வளைந்துவிடும். ஒரு ஃபியூஸோடு முடிய வேண்டிய செலவு, எஞ்சினையே பிரிக்கும் செலவாகிவிடும்.

உங்கள் வீட்டில் கார் இருந்தாலும், அப்பா அண்ணன் யாராவது டிரைவராக இருந்தாலும் இதை அவர்களிடம் சொல்லுங்கள். முக்கியமாக அந்த மூடி விஷயத்தை!



– பத்தாம் வகுப்பு மாணவன்