பாட்டைத் தாங்கிய ஒரு விரல்

சில மாதங்களுக்கு முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், அயலிலே வாழும் அன்பர் ஒருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு எமது இல்லத்துக்கு வந்தார். மகன் உயர்தர வகுப்பிலே கற்பவன். எம்மிடம் பாடங் கேட்பவன். அவன் தோளிலே நீண்டதோர் உறை தொங்கிற்று. அதனுள் இருந்தது பேஸ் கித்தார் என்னும் வாத்தியம். வெளிநாட்டிலிருக்கும் மாமன் அனுப்பியதாம்.

“மாஸ்டர், நீங்கள்தான் இவனுக்கு ஒரு புத்தி சொல்லவேணும். வயலின் படிச்சால் கச்சேரி செய்யலாம். மிருதங்கம் படிச்சால் அரங்கேற்றம் வைக்கலாம். இதைப் படிச்சு ஆருக்கு என்ன பிரயோசனம்? இவன் போனிலை பாட்டுப் போடேக்கை இதின்ரை சத்தம் எனக்குக் கேட்கிறதே இல்லை. வித்துப்போட்டு டியூசன் காசைக் கட்டுவம் எண்டு நினைக்கிறன்” என்றார் அன்பர்.

பையன் தலைகுனிந்து நின்றான். “சேர், இது இல்லாட்டிப் பாட்டே இல்லை” என்று மட்டும் மெல்லச் சொன்னான்.

தீர்ப்புக் கூறுவதற்கு எமக்குத் தகுதி இருக்கவில்லை. எனவே, ஒரு மாதத் தவணை கேட்டோம். அந்த ஒரு மாதத்தில் அம்மாணவன் கற்க விரும்பிய ‘சோல்’ இசையை நாமும் அவனுடன் இருந்து கேட்டோம்; அதன் வரலாற்றையும் படித்தோம். அவ்வாறு அறிந்தவற்றுட் சிலவற்றையே வாசகர் முன் வைக்கின்றோம்.

மோட்டார் நகரத்து வீடு

‘சோல்’ என்றால் ஆன்மா. அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடலும், ‘புளூஸ்’ என்னும் துயரப் பாடலும் கலந்து, 1950களிலும் 1960களிலும் உருப்பெற்ற இசைக்கு இப்பெயர் வழங்கலாயிற்று. அதன் தலைசிறந்த நிலையங்களுள் ஒன்று டெட்ரோயிட் நகரில் எழுந்தது. மோட்டார் வாகனத் தொழிலாற் புகழ்பெற்ற நகரம் அது. அங்கே, 1959ஆம் ஆண்டில், பெரி கோர்டி என்பவர் தம் குடும்பத்தாரிடம் 800 டொலர் கடன் பெற்று இசைத்தட்டு நிறுவனம் ஒன்றை ஆரம்பித்தார். அதுவே பின்னர் மோட்டவுன் என உலகறிந்தது. மேற்கு கிராண்ட் புலவாட்டில் 2648ஆம் இலக்க வீடே அதன் ஒலிப்பதிவுக் கூடம். இன்று அவ்வீடு நூதனசாலையாக விளங்குகின்றது.

பாடகர்களின் படங்கள் இசைத்தட்டுக்களின் உறைகளை அலங்கரித்தன. பின்னணி வாசித்தோரின் பெயர்களோ, 1960களில் அவ்வுறைகளிலே பெரும்பாலும் அச்சாகவில்லை. பெயரற்ற அக்குழுவினுள் ஒருவரே ஜேம்ஸ் ஜேமர்சன்.

இவர் 1936ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்திற் பிறந்தவர். சிறுவனாக இருந்த காலத்தில், எறும்புப் புற்றிலே ஒரு தடியை நட்டு, அதில் நாண் கட்டி மீட்டி, எறும்புகளை ஆடச் செய்ய முயன்றார் என்று அவர் வரலாறு கூறும். 1954இல் டெட்ரோயிட்டுக்கு வந்து, பாடசாலையிலே ஆளுயர டபிள் பேஸ் என்னும் வாத்தியத்தைப் பயின்றார். இரவு விடுதிகளில் ஜாஸ் வாசித்தார். 1959 முதல் மோட்டவுன் ஒலிப்பதிவுகளில் இடம்பெறலானார்.

வாத்தியமும் விரலும்

டபிள் பேஸைச் சுமப்பது பெரும்பாடு. அதில் மெட்டுக்கள் இல்லையாதலால், சுருதி பிசகாமல் வாசிப்பதும் எளிதன்று. 1951இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ பெண்டர் என்பவர், வீணையிலுள்ளவை போன்ற மெட்டுக்கள் பதித்த மின்சார பேஸ் கித்தாரை விற்பனைக்குக் கொணர்ந்தார். துல்லியம் என்று பொருள்பட, அதற்குப் ‘பிரிசிஷன்’ எனப் பெயரிட்டார். நான்கே தந்திகள்: ஈ, ஏ, டி, ஜி. ஒவ்வொரு தந்தியும் தனக்குக் கீழ்ச்சுருதியிலுள்ள தந்திக்குச் சுத்த மத்திமமாக அமையும். எல்லாவற்றிலும் கனத்த ஈ தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கின்றது.

அன்பரின் குறைக்கு விடை இங்கேதான் கிடைத்தது. கைத்தொலைபேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கி அத்துணைத் தாழ்ந்த அதிர்வை எழுப்ப வல்லதன்று. வாத்தியம் பேசாதிருக்கவில்லை, கேட்ட கருவிதான் அதன் பேச்சை எமக்குக் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

ஜேமர்சன் பெரும்பாலும் வாசித்தது 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ் ஒன்றிலேயே. தட்டையான நாடா சுற்றிய கனத்த தந்திகளைப் பூட்டினார். அறுந்தாலன்றி அவற்றை மாற்றமாட்டார். குதிரையை மூடிய தகட்டின் கீழே ஸ்பொஞ்சுத் துண்டொன்று இருந்தது. அதனால் ஓசை நீண்டு இழுபடாமல், மத்தளத்தில் விழுந்த அடி போல, உருண்டு திரண்டு நின்றது. எல்லாவற்றிலும் வியப்பானது அவருடைய வலக்கை. சுட்டுவிரல் ஒன்றினாலேயே தந்திகளை மீட்டினார். அவ்விரலுக்குத் தோழர்கள் ‘கொக்கி’ என்று பெயர் வைத்தனர்.

கற்கும் முறை

இனி, இவ்விசையைக் கற்க விழையும் மாணவர்களுக்குச் சில சொல்வோம்.

முதலாவது, வாத்தியத்தைத் தொடாமற் கேட்டல். நல்ல காதொலிக் கருவி ஒன்றை மாட்டிக்கொண்டு, பாடகரின் குரலை ஒதுக்கி, அடியிலே நகரும் ஒலியை மட்டும் பின்தொடர வேண்டும். பின்னர் அதனை வாயாற் பாட வேண்டும். வாயில் வராதது விரலிலும் வராது. இது நம் சங்கீத ஆசிரியர்கள் காலங்காலமாய்க் கூறிவரும் உண்மையேயாகும்.

தொடக்கத்துக்கு ஏற்றது, டெம்டேஷன்ஸ் குழுவினர் பாடி 1964இன் இறுதியில் வெளிவந்த ‘மை கேர்ள்’. அதன் வாயிலில் பேஸ் தனித்து நின்று ஒலிக்கின்றது. மிகச் சில சுரங்கள்; அவற்றினிடையே தாராளமான மௌனம். அதன்மேல் ரொபேர்ட் வைற் என்பவரின் கித்தார் படிப்படியாக ஏறுகின்றது. அவ்வேற்றத்திலுள்ள சுரங்களை எழுதிப் பார்த்தபோது, அவை ச ரி க ப த என்று மோகனத்தின் சுரங்களாகவே இருக்கக் கண்டு மகிழ்ந்தோம். இராகம் வேறு, சுரக்கோவை வேறு. ஆயினும் செவிக்கு அயலானதன்று என்ற துணிவு எமக்கு உண்டாயிற்று.

இரண்டாவது, மூலசுரம். மேலைநாட்டுப் பாட்டிலே சுரக்கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். கூட்டம் மாறும் அக்கணத்தில் அதன் மூலசுரத்தைத் தாளத்தின் முதலடியிலே தவறாது வைப்பது பேஸ் வாசிப்போனின் முதற் கடமை. சி என்னும் கூட்டமாயின், சி. ஒரு வாரம் இதை மட்டும், தாளக்கருவியை மெதுவாக ஓடவிட்டு, வாசிக்க வேண்டும். எமது மாணவன் சலிப்படைந்தது இவ்விடத்தில்தான். சரளி வரிசையை முதற்காலத்திலே பாடிய நாட்களை அவனுக்கு நினைவூட்டினோம்.

மூன்றாவது, உறவுச் சுரங்கள். சி கூட்டத்தில் ஈயும் ஜியும் உண்டு; எமது முறையிற் கூறின், சட்சத்துடன் காந்தாரமும் பஞ்சமமும். மூலத்துக்குப் பின் பஞ்சமத்தையும் மேற்சட்சத்தையும் சேர்த்தால், நின்ற ஒலி நடக்கத் தொடங்கும்.

நான்காவது, வழிச்சுரம். ஒரு கூட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் பாயாமல், படியிறங்கிச் செல்வது போலச் செல்லுதல். அடுத்து வருவது ஏ என்றால், ஜி, ஜி ஷார்ப், ஏ என அரைப்படியாய் அணுகலாம். ஜேமர்சனின் கலை பெரிதும் தங்கியிருப்பது இவ்வழிகளிலேதான். 1967இல் போர் டொப்ஸ் குழுவினர் பாடிய ‘பேர்னடெற்’ பாடலிலும், 1968இல் ஸ்டீவி வொண்டர் பாடி வெளிவந்த ‘போர் வன்ஸ் இன் மை லைப்’ பாடலிலும் பேஸ் பெரும்பாலும் ஓய்வதில்லை. ஆயினும் பாடகரின் வழியிற் குறுக்கே நிற்பதுமில்லை.

ஐந்தாவது, அடக்கம். தந்தியை மீட்டுவது வலக்கை. ஓசையை முடிப்பது இடக்கை. அழுத்திய விரலைச் சற்றே தளர்த்தினால் ஒலி அற்றுப்போகும். எங்கே நிறுத்துவது என்பதை அறியாதவன் வாசிக்கும் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து சேறாகும். இதற்கு நல்லாசான் மெம்பிஸ் நகரத்து டொனால்ட் டன். பழைய சினிமாக் கொட்டகை ஒன்றிலே இயங்கிய ஸ்டக்ஸ் நிறுவனத்தின் பேஸ் கலைஞர் இவர். 1967 டிசம்பர் 10ஆந் திகதி விமான விபத்தில் மறைந்த ஓட்டிஸ் ரெடிங் பாடிய ‘டொக் ஒவ் த பே’ பாடலிலே இவர் வாசித்திருப்பதைக் கேட்டால், குறைவாக வாசிப்பதும் ஒரு பெருந்திறன் என்பது விளங்கும். வெள்ளையரான இவரும் ஸ்டீவ் குரொப்பரும், கறுப்பினத்தவரான புக்கர் டி. ஜோன்ஸுடனும் அல் ஜாக்சனுடனும் ஒரே குழுவாய் அமர்ந்து வாசித்தனர். நிறபேதம் கொடுமையாயிருந்த தென்மாநிலத்தில் அஃது எளிய காரியமன்று.

பெயர் வந்த காலம்

1968அளவில் ஜேமர்சனுக்கு வாரம் 1,000 டொலர் ஊதியம் கிடைத்தது. பணம் வந்தது, பெயர் வரவில்லை. 1971இல் மாவின் கே வெளியிட்ட ‘வொட்ஸ் கோயிங் ஒன்’ இசைத்தட்டின் உறையிலேதான் அவர் பெயர் புகழுரையுடன் அச்சேறியது. அதன் தலைப்புப் பாடலின் பதிவு நடந்த இரவில், மது மயக்கத்தால் இருக்க இயலாது, தரையிற் கிடந்தபடியே அவர் வாசித்தார் என்று உடனிருந்தோர் கூறியுள்ளனர். மாணவர்கள் வியக்க வேண்டியது அவரது வாசிப்பையே; அந்த மதுவையன்று. அதுவே அவரை அழித்தது.

1972இல் மோட்டவுன் நிறுவனம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. ஜேமர்சனும் அங்கே சென்றார். பழைய நிலை திரும்பவில்லை. 1983ஆம் ஆண்டு மோட்டவுனின் வெள்ளிவிழாக் கலைநிகழ்ச்சி நடந்தபோது, மேடையில் அவருக்கு இடமில்லை. பார்வையாளருள் ஒருவராய் அமர்ந்திருந்தார். சில மாதங்களின் பின், அதே ஆண்டு ஆகஸ்ட் 2ஆந் திகதி, தமது 47ஆவது வயதிற் காலமானார். அவரது அருமை வாத்தியமும் அந்நாட்களிலே களவுபோயிற்று.

அவர் மறைந்து ஆறாண்டுகள் கழிந்தபின், அலன் ஸ்லட்ஸ்கி என்பவர் அவரது வரலாற்றை எழுதி, வாசிப்புக்களையும் இசைக்குறியீடுகளாக்கி வெளியிட்டார். 2000ஆம் ஆண்டில் ரொக் இசைப் புகழ்மண்டபம் பக்கவாத்தியக் கலைஞர்களுக்கெனத் தனிப்பிரிவு வகுத்தபோது, முதலிலே சேர்க்கப்பட்டோருள் ஜேமர்சனும் ஒருவர். இன்று எந்நாட்டில் எவன் பேஸ் கற்றாலும், அந்த ஒற்றை விரலின் வழியையே ஒருமுறையேனும் நடந்து பார்க்கிறான்.

தவணை முடிந்தது

மாத முடிவில் அன்பர் மீண்டும் வந்தார். அவரை அமர்த்தி, காதொலிக் கருவியை மாட்டி, ‘மை கேர்ள்’ பாடலைக் கேட்கச் செய்தோம். பின்னர் பையன் சிறிய ஒலிபெருக்கி ஒன்றில் வாத்தியத்தை இணைத்து, பாட்டுடன் சேர்ந்து வாசித்தான். இரண்டாம் அடியில் ஓரிடம் தவறினான். ஆனால் தாளத்தை விடவில்லை. நடுவிலே, நாம் சைகை செய்தபடி, அவன் சட்டென நிறுத்தினான். அந்த அறையிலே ஏதோ ஒரு தூணை எடுத்துவிட்டாற் போலிருந்தது.

அன்பர் நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

“ஏன் தம்பி நிப்பாட்டினனீ? அடிக்கிறதை அடி” என்றார்.

புறப்படும்போது வாசலில் நின்று, “விக்கிற கதையை இப்ப விடுவம் மாஸ்டர். ஆனால் சோதினை முடியுமட்டும் ஒரு நாளைக்கு அரை மணித்தியாலந்தான், அதை நீங்கள் அவனுக்குச் சொல்லிப்போடுங்கோ” என்றார்.

சொன்னோம். அரை மணி நேரம் குறைவன்று. முதலடியிலே மூலசுரத்தை ஒழுங்காக வைத்துப் பழக அது போதும்.